ஏழாம் நம்பர் உதறல்

ஆட்டோவிலிருந்து இறக்கிய மிஷினை நடுவீட்டில் வைத்ததும் மகேஸ்வரன் செய்த முதல் காரியம், ஸ்விட்சைப் போட்டுவிட்டு, நீளத் திருப்புளி ஒன்றின் முனையை அதன் இரும்பு வயிற்றில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடியதுதான். விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலையில் முப்பத்துநான்கு வருஷமாக பிட்டர் வேலை பார்க்கிற மனிதர். எந்த மிஷினையும் முதலில் கேட்பார், அப்புறம்தான் பார்ப்பார்.

“மோட்டார் சுத்தம். பேரிங்கும் பரவாயில்ல,” என்றார் கண்ணைத் திறந்து. “ஆனா என்னம்மா இது, சீக்காளி மாதிரி இவ்வளவு பைய ஓடுது?”

“சீக்காளிக்கு வந்த மிஷின் பின்ன எப்படி ஓடும்?” என்றாள் நாற்காலியில் இருந்த பிரம்மநாயகி.

பியூலா சிரித்துவிட்டாள். அம்பாசமுத்திரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்து பிரம்மநாயகிக்கு உடற்பயிற்சி கொடுக்கிற பெண். மிஷின் அவளுடைய சிகிச்சை நிலையத்துச் சொத்து. பழசுதான். ஒரு கால் வைக்கிற அளவுக்கு ரப்பர் ஒட்டிய பலகை, அதன் இரண்டு ஓரத்திலும் தாங்கிப் பிடிக்க ஒவ்வொரு பேரிங், பாதத்தைக் கட்ட ஒரு வார், கீழே மோட்டார். பலகை குதிகாலும் விரலுமாக மாறி மாறி ஏறி இறங்கும். கூடவே, தூங்கும் பூனையின் வயிற்றில் கை வைத்தால் இருக்குமே, அப்படி ஒரு மெல்லிய அதிர்வு.

“அக்கா காலை அசைக்க வேண்டாம். இதுவே அசைச்சுக் கொடுக்கும்,” என்றாள் பியூலா. “காலையில அரை மணி நேரம், சாயந்திரம் அரை மணி நேரம். இடது கால் மட்டும் போதும். கணுக்கால் இறுகாம இருக்கும், ரத்தம் ஓடும். நடுக்கம் எதுக்குன்னா, பாதத்துக்குச் சும்மா ஒரு ஞாபகம் குடுத்துக்கிட்டே இருக்க. உணர்ச்சி வந்துரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன் அண்ணாச்சி. வந்தாலும் வரும்.”

போன சித்திரையில் ஒரு காலை, தோசைக்கு மாவு எடுக்கக் குனிந்த பிரம்மநாயகி அப்படியே சரிந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பேச்சு நேரானது. கை கொஞ்சம் கொஞ்சமாக டம்ளர் பிடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கக்கூட முடிந்தது. பாதம் மட்டும் திரும்பி வரவில்லை. அது தரையில் இருக்கிறதா, மடங்கிக் கிடக்கிறதா என்று அவள் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் பியூலா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை உருட்டி உள்ளங்காலில் தடவுவாள். 

“தெரியுதா அக்கா?”

“எது?”

அப்புறம் இரண்டு பல் வைத்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, அதிர்கிற அடிப்பாகத்தைக் கணுக்காலில் வைப்பாள். அதுவும் தெரியாது.

இதைப் பார்க்கிறபோது மகேஸ்வரன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எந்தப் பாதத்தில் பஞ்சு தெரியவில்லை என்கிறார்கள்! இருபத்திரண்டு வருஷம் பஞ்சிலும் நூலிலும் நின்ற பாதம் அது.

பிரம்மநாயகி டபுளிங் பகுதியில் இருந்தாள். இரண்டு நூலை ஒன்றாக முறுக்குகிற நீள மிஷின்கள் வரிசையாக நிற்கும். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். செருப்புப் போட வேண்டும் என்பது ஆலையின் சட்டம். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பியதும் இவள் செருப்பை ஓரமாக உதறிவிடுவாள். தரை சொல்வது செருப்புக்குள் கேட்காதாம். “பிட்டர் அண்ணாச்சி, ஏழாம் நம்பர் உதறுது!” என்று ஒரு நாள் கத்தினாள். அப்போது மகேஸ்வரனுக்கு முப்பது வயது, தன் காதைப் பற்றி மிகப் பெரிய எண்ணம். திருப்புளியை வைத்துக் கேட்டுவிட்டு, “ஒண்ணும் இல்ல, உன் காலுதான் உதறுது, வீட்டுல போய்ச் சாப்பிடு,” என்றார். மறுநாள் மத்தியானம் ஏழாம் நம்பர் மிஷினில் பேரிங் உடைந்து, ஒரு ஷிப்டு முழுக்க நின்றது.

அதன்பிறகு அவருடைய காதுக்கும் அவளுடைய காலுக்கும் ஓயாத போட்டி. கடைசியில் அவளையே பெண் பார்க்கப் போன இடத்திலும், “காது கேக்குமான்னு கேட்டுக்கிடுங்க,” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்ததாகச் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாகிறது. அவள் பேச்சில் இன்றுவரை அவர் ‘பிட்டரய்யா’தான்.

மிஷின் வந்த முதல் வாரம் ஒழுங்காக ஓடியது. மகேஸ்வரனுக்குத்தான் மனசு ஆறவில்லை. காலை ஷிப்டு முடிந்து மூன்றரை மணிக்கு வந்து, உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியை இருவருக்கும் கலந்து, அவள் காலைப் பலகையில் கட்டிவிட்டு எதிரே உட்காருவார். பலகை ஏறும். யோசிக்கும். இறங்கும். ஆலையில் ஒரு மிஷின் மெதுவாக ஓடினால் ஒன்று பெல்ட் தொய்ந்திருக்கும், இல்லை கரண்டு குறைந்திருக்கும், இல்லை பிட்டர் சரியில்லை. முப்பத்துநான்கு வருஷம் அவர் கை பட்ட எதுவும் மெதுவாக ஓடியதில்லை.

“இது ஓடுத ஓட்டத்துக்கு நீ அடுத்த சித்திரையிலதான் எந்திரிப்ப,” என்றார் ஒரு நாள்.

“எனக்கு அவசரமில்ல. உங்களுக்கு எங்க போணும்?”

“வேகமா ஆடுனா வேகமா குணமாவும்லா?”

“பியூலாட்ட கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. மறுநாள் ஆலையில் கழித்துப் போட்ட சாமான்களுக்குள்ளிருந்து ஒரு பெரிய புல்லியைக் கேட்டு வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மோட்டாரில் இருந்த சின்னதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். கால் மணி நேர வேலை. பலகை மூன்று மடங்கு வேகத்தில் ஆடியது. அவர் முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சம்.

பிரம்மநாயகியும் சிரித்தாள். “ஏ யப்பா, பாபநாசம் பஸ்சுல போற மாதிரிலா இருக்கு!” டிவியில் நாடகம் ஓடியது. பக்கத்து வீட்டு ஜெபராணி வந்து உட்கார்ந்தாள். மூன்று பேருமாகப் பேசியதில் அரை மணி ஒரு மணியாகிவிட்டது.

மகேஸ்வரன் வாரை அவிழ்த்தார். குதிகாலில் தோல் உரிந்து சிவந்த சதை தெரிந்தது. கணுக்கால் பணியாரமாக உப்பியிருந்தது. ரப்பரில் ரத்தம்.

“ஏட்டி, வலிக்கலையா?”

“என்ன வலி?” என்று அவள் குனிந்து பார்த்தாள். பார்த்த பிறகும் அது வேறு யாருடைய காலோ என்பது போலத்தான் அவள் முகம் இருந்தது. மெல்லச் சொன்னாள்: “எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க.”

பியூலா வந்து புண்ணைப் பார்த்தாள். பிறகு மூடியைக் கழற்றிப் பெரிய புல்லியைப் பார்த்தாள்.

“யாரைக் கேட்டுத் திறந்தீங்க அண்ணாச்சி? இதுல என்ன எங்களுக்கு டார்கெட்டா இருக்கு? சாயந்திரத்துக்குள்ள எத்தனை கிலோ நூல் எடுக்கணும்?”

“தப்புதாம்மா.”

“அக்காவுக்குச் சுகர் இல்ல, அதனால ஆறிரும். இருந்திருந்தா? மெதுவா ஓடணும்னுதான் கஷ்டப்பட்டு இதைச் செஞ்சிருக்காங்க. புண்ணு ஆறுற வரைக்கும் மிஷினைத் தொடாதீங்க.”

புண் ஆற இருபது நாள் ஆனது. அதற்குள் செய்தி சென்னைக்குப் போய்விட்டது. மகள் அனுராதா அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர், ஏழாவது மாடியில் வீடு. அவள் கோபித்துக்கூடப் பேசவில்லை, அதுதான் மகேஸ்வரனைச் சுட்டது.

“அப்பா, நீங்க காலையில ஆறரைக்குப் போனா மூணரைக்குத்தான் வாரிய. ஜெபராணி அத்தை எத்தனை தடவ எட்டிப் பாப்பாங்க? கால்ல வெந்நி ஊத்துனாலும் அம்மாவுக்குத் தெரியாது. கார்த்திகை பிறக்கவும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். இங்க பகல்ல ஒரு ஆளு போட்டுக்கிடலாம்.”

“எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் சர்வீஸ் கெடக்கே அனு.”

“நீங்க முடிச்சுட்டு வாங்கப்பா.”

பேச்சு ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. பிரம்மநாயகி சின்ன வெங்காயத்தை வலது கையால் முறத்தோடு அழுத்தி, பெருவிரல் நகத்தால் தோலைக் கிளப்பி, ஒற்றைக் கையாலேயே உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெங்காயத்துக்கு ஒரு நிமிஷம் ஆகும். வேறு யாராவது உதவிக்கு வந்தால் முறத்தை நகர்த்திவிடுவாள்.

“ஒன்றரை வருஷம் யாரு இந்த மனுசனுக்குச் சோறு பொங்குவா?” என்றாள் போன் வைத்த பிறகு.

“இப்பவும் நான்தானே பொங்குதேன்.”

“யாரு சொல்லிக் குடுக்கா? நான் போய்ட்டா சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமத் திங்கப் போறிய.” அவள் சிரிக்கவில்லை. “ஏழாவது மாடியில என்னைத் தேடி யாரு வருவா? இங்கன வாசல் ஜன்னல்ல உக்காந்தா ஷிப்டு விட்டு வாரவள்ல பாதிப்பேரு என்னட்ட நின்னு பேசிட்டுத்தான் போறா. நான் போவ மாட்டேன். ஆனா அவ சொல்லுததும் நியாயம்தான். வெந்நி ஊத்துனாலும் தெரியாதுதான்.”

ஆலை கேண்டீனில் கூட வேலை பார்க்கிற குமரவேல் விடவில்லை. “என்ன வே, ஆஸ்பத்திரி மிஷினுக்கே ஸ்பீடு ஏத்திட்டீராமே? அடுத்து பொணவண்டிக்கு ஏத்தும்.” எல்லாரும் சிரித்தார்கள். மகேஸ்வரன் டீயைக் குடித்து முடிக்காமலே எழுந்தார். குமரவேல் பின்னாலேயே வந்தார். “ஏய், கோவிச்சுக்கிடாதேயும் வே. மைனி கால் எப்படி இருக்கு?”

“ஆறிட்டு. ரோலருக்குப் போடுவோம்லா, அந்தக் கம்பளித் துணி ஒரு துண்டு வேணும்.”

“எதுக்கு?”

“குதிகால் உரசுத எடத்துல ஒட்டணும்.”

அன்று சாயந்திரம் வீட்டில் ஒரு காட்சி. பழைய சின்னப் புல்லியை மாட்டி, வேட்டியை மடித்துக் கட்டி, மகேஸ்வரன் தன்னுடைய இடது காலையே பலகையில் வைத்து வாரால் கட்டிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி உட்கார்ந்தார். எங்கே உரசுகிறது, எங்கே வார் இறுக்குகிறது என்று சாக்பீஸால் குறித்தார். கம்பளித் துணியை வெட்டி ஒட்டினார். மறுபடி கால், மறுபடி அரை மணி.

“எப்படி இருக்கு பிட்டரய்யா?”

“தூக்கம் வருது.”

“உற்பத்தி எவ்வளவு?”

“நீ பேசாம இரியேன்டி,” என்றார். ஆனால் அவருக்குள் ஏதோ மாறிக்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிஷம் பொறுமை இல்லை. அதற்கப்புறம் பலகை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் இருந்த அந்த நிறுத்தம் அவருக்குப் பிடிபட்டது. அங்கேதான் கணுக்கால் இறுக்கம் விட்டது. யாரோ நன்றாக யோசித்து அந்த நிறுத்தத்தை வைத்திருக்கிறார்கள். நூல் எடுக்காத, யாரையும் விரட்டாத ஒரு மிஷின். இதைச் செய்தவன் தன்னைவிடக் கெட்டிக்கார பிட்டர் என்று அவர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

பியூலா கம்பளித் துணியைத் தடவிப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. என்கிட்ட இன்னும் நாலு மிஷின் இதே மாதிரி உரசுது. ஒட்டித் தருவீங்களா? துணியை மட்டும். உள்ளுக்குக் கை வைக்கக் கூடாது.”

“சத்தியமா வைக்க மாட்டேன்.”

பஞ்சும் கவையும் அன்றைக்கும் தெரியவில்லை.

ஐப்பசி பாதியில் அடைமழை பிடித்தது. பொதிகை மலை நாலு நாளாகக் கண்ணில் படவில்லை. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை. கார்த்திகை பிறக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. சொதி வைக்கலாம் என்றாள் பிரம்மநாயகி.

“தேங்காயோட மூணாம் பால்ல காய வேக விடுங்க. கேரட்ட மொதல்ல போடாதிய, முருங்கைக்காய் மொதல்ல. ஆங், பையக் கிண்டுங்க, ஒடைஞ்சிராம.”

“பையத்தான் கிண்டுதேன்.”

“இப்பல்லாம் பையக் கிண்டுதியதான்,” என்றாள் அவள். “தலப்பால் ஊத்துனதும் கொதிக்க விடாம எறக்கிரணும். இஞ்சித் துவையல் அரைச்சாச்சா?”

சாப்பிட்டு முடிந்து மழை இன்னும் வலுத்தது. பின்கட்டுத் தகரக் கூரையில் கல் கொட்டுவது போலச் சத்தம். வெளியே போக முடியாது. மகேஸ்வரன் அவளுடைய இடது காலை மிஷினில் வைத்துக் கட்டினார். பிறகு தரையில் சம்மணமிட்டு, வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்ட ஆரம்பித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை அது.

மூன்றாவது விரலில் இருந்தபோது அவள் சொன்னாள்: “ஏங்க, இது உதறுது.”

“நகவெட்டி பட்டுட்டா?”

“அது இல்ல. மிஷினு.”

அவர் காதைச் சாய்த்தார். “ஒண்ணும் இல்லையே.”

“மழையில உங்களுக்கு என்ன கேக்கும்? உதறுதுங்கேன்.”

திருப்புளியை எட்டி எடுத்து ஊன்றிக் கேட்டார். தகரத்துச் சத்தம்தான் கேட்டது. “சுத்தமா ஓடுது. சும்மா இரு.”

“இப்படித்தான் ஏழாம் நம்பருக்கும் சொன்னிய. சுண்டுவிரல் பக்கம். ரெண்டு ஆட்டம் நல்லாப் போகுது, மூணாவதுக்கு ஒரு தட்டுத் தட்டுது. தெறந்து பாருங்க.”

“பியூலாட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்டி.”

“நான் சொல்லிக்கிடுதேன். தெறங்க.”

அவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, அவளுடைய வலது காலை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். வாரை அவிழ்த்து இடது காலையும் விடுவித்தார். மூடியைக் கழற்றினார். பலகையின் உள்பக்கத்துப் பேரிங் வழுவழுவென்று சுற்றியது. வெளிப்பக்கத்தில், சுண்டுவிரல் இருக்கிற ஓரத்தில், விரலால் சுழற்றியபோது நெருடியது. உருவி வெளிச்சத்தில் பிடித்தார். குண்டுகளில் ஒன்றில் கடுகளவு பள்ளம்.

“என்ன, இருக்கா?”

“இருக்கு.”

“பாத்தியளா! காதாம் காது. திருப்புளியாம். இனியாவது ஒத்துக்கிடுங்க, உங்க காதவிட என் காலு…”

அவர் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தரையில் இருந்த வலது காலைப் பார்த்தார். மூன்று விரலில் நகம் வெட்டியிருந்தது, இரண்டு பாக்கி. இவ்வளவு நேரமும் அந்தக் கால் தன் மடியில் இருந்தது.

“நாயகி,” என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “எந்தக் காலு?”

“எந்தக் காலா? மிஷின்ல இருந்த…”

அவள் நிறுத்தினாள். அவள் குனிந்து தன் இடது பாதத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வேண்டாம் என்பது போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “பஞ்ச எடுங்க,” என்றாள்.

பூஜை அலமாரியில் திரி திரிக்க வைத்திருந்த பஞ்சைப் பிய்த்து வந்து அவர் உள்ளங்காலில் தடவினார். ஒரு முறை. இன்னொரு முறை.

“தெரியல,” என்றாள். “பஞ்சு தெரியல. மிஷின்தான் தெரிஞ்சுது. நெசமாத் தெரிஞ்சுது.”

“தெரியாம எப்படிச் சுண்டுவிரல் பக்கம்னு சொல்லுவ?” என்று அவர் பேரிங்கை அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு போனை எடுத்துப் பியூலாவைக் கூப்பிட்டார்.

பியூலா அந்த மழையிலேயே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கவையைத் தட்டினாள். அதிர்கிறதை வைத்தாள், அதிராததை வைத்தாள், மாற்றி மாற்றி. கண்ணை மூடிய பிரம்மநாயகி “ஆமா”, “இல்ல”, “ஆமா” என்றாள். எட்டில் ஏழு சரி. அதற்குப் பிறகும் பியூலா இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். நிறுத்த மனசு வரவில்லை போலிருக்கிறது.

“முழுசா வந்துட்டுன்னு நெனைக்காதீங்க அக்கா. சூடு, குளிர் இன்னும் தெரியாது. வெந்நி கிட்டப் போகக் கூடாது. ஆனா இது வந்திருக்குன்னா பாதத்தை நம்பி நிக்கப் பழக்கலாம். இந்த வீட்டுலயே பழக்கலாம்.” பிறகு மகேஸ்வரன் பக்கம் திரும்பினாள். “மூடியைத் திறந்திருக்கீங்க.”

“நான்தான் தெறக்கச் சொன்னேன்,” என்றாள் பிரம்மநாயகி. “உன் மிஷினு உதறுது, அது ஒனக்கே தெரியல.”

ஏழு மணிக்கு அனுராதா கூப்பிட்டாள். பியூலா தன் பங்குக்கு எல்லாம் சொல்லி முடித்த பிறகு, பிரம்மநாயகி போனை வாங்கிக்கொண்டாள். இடது கையால்தான் வாங்கினாள். “அம்மா, அப்ப நான் டிக்கெட் போடவா, வேண்டாமா?” என்று மகள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது.

“போடு. ஒனக்கு மட்டும் போடு. வந்து ஒரு வாரம் இருந்து, ஓரத்துல நின்னு பாத்துட்டுப் போ. நான் எப்படி எந்திரிக்கேன், எப்படி நிக்கேன்னு. அப்பவும் பயமா இருந்தா சொல்லு, மறுபேச்சுப் பேசாம வாரேன்.” போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். “ஆனா ஒண்ணு கேட்டுக்க. உங்கப்பாவுக்குக் காது மந்தமாயிட்டு வருது. நான் இங்கன இல்லன்னா எந்த மிஷினு எப்ப ஒடையும்னு அவருக்கு யாரு சொல்லுவா?”

மறுநாள் மூன்றரைக்கு மகேஸ்வரன் நனைந்துகொண்டே வந்தார். அம்பாசமுத்திரம் கடையில் சொல்லி ஆலைக்கே வரவழைத்த புதுப் பேரிங் சட்டைப் பையில் இருந்தது. தலையைத் துவட்டக்கூட இல்லை. அதை மாட்டி, மூடியை முடுக்கி, அவள் காலை வைத்துக் கட்டி, ஸ்விட்சைப் போட்டார். திருப்புளி பக்கத்திலேயே கிடந்தது. எடுக்கவில்லை.

அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். பலகை ஏறியது, நின்றது, இறங்கியது.

“எப்படி?” என்றார், ஒரு புதுப் பிட்டர் மேஸ்திரியிடம் கேட்பது போல.

“இன்னும் கொஞ்சம் பொறுங்க,” என்றாள் பிரம்மநாயகி. “கேட்டுக்கிட்டு இருக்கேன்.”